மாத்துச் சீட்டு

ஆறு தடவை குலுக்கலில் பேர் விழாமல் போனவனுக்கு ஏழாவது தடவை விழுந்தது. விழுந்ததே என்று சிரிக்கவும் முடியவில்லை, விழவில்லையே என்று அழவும் முடியவில்லை. அப்படி ஒரு நம்பர். வீட்டு வசதி வாரியம் கொடுக்கப்போகிற வீடு மொத்தம் இருநூறு. அவனுக்கு வந்த வரிசை எண் இருநூற்றுப் பதினாலு.

"ஏங்க, நமக்கு விழுந்துருச்சுங்க!" என்று மனைவி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எந்த வீடு?"

"வீடு இல்லை, வரிசை நம்பர். இருநூத்திப் பதினாலு."

"வீடு எத்தனை?"

"இருநூறு."

"அப்போ நம்மளை எதுக்குக் கூப்பிடுறான்? எடுக்குறவனுக்குக் கை தட்டவா?"

அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். வேலை இடத்தில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது; தரை மட்டம் பார்க்கிற கருவியின் பேரைச் சொல்லி ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். டீக்கடை மேசை லேசாக ஆடினாலும் குனிந்து அதன் காலைப் பார்ப்பான். ஒரு தடவை காய்ச்சலில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, கட்டில் தலைமாட்டுப் பக்கம் சரிகிறது என்று நர்ஸிடம் சண்டை போட்டவன். ஊரார் வீட்டுத் தரையையெல்லாம் மயிரிழை பிசகாமல் மட்டம் பார்த்துக் கொடுத்த இந்த மனுஷன், பதினோரு வருஷமாக மச்சான் வீட்டு ஹாலில், ஒரு துணித்திரைக்குப் பின்னால் மனைவியோடு குடியிருந்தான். அந்த ஹால் தரை வாசல் பக்கமாக ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அதையும் சகித்துக்கொண்டு இருந்தான்.

வாரியத்தின் குலுக்கலை அவனுக்கு விளக்கிச் சொல்லாத ஆள் இல்லை. விளக்க விளக்கத்தான் அவனுக்கு எரிச்சல் கூடியது. முதல் வீடு வாங்குகிறவர்களின் பேர் பெட்டியில் ரெண்டு தடவை போகுமாம். நாலு தடவைக்கு மேல் தோற்றவர்கள் பேர் மூணு தடவை போகுமாம். பெட்டி என்பது பேச்சுக்குத்தான், குலுக்குவது கம்ப்யூட்டர். அப்படிக் குலுக்கி விழுவதும் வீடு இல்லை, வரிசை. ஒண்ணாம் நம்பர்காரன் முதலில் போய் இருநூறு வீட்டில் பிடித்ததை எடுப்பான். அடுத்தவன் மிச்சத்தில் எடுப்பான். இப்படியே போய், முன்னால் நிற்கிறவர்களில் பதினாலு பேராவது மனசு மாறி விலகினால்தான் நம் ஆள் கண்ணால் பார்க்கவாவது ஒரு வீடு மிஞ்சும். போகட்டும் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடவும் முடியாது. கூப்பிட்ட முறைக்கு வீடு எடுக்காமல் விட்டால், 'இவருக்கு வேண்டாமாம்' என்று பதிந்துவிடுவார்கள். அப்புறம் ஒரு வருஷத்துக்கு முதல் வீட்டுச் சலுகை கிடையாது.

அந்த ஒரு வருஷம்தான் அவனிடம் இல்லை. மச்சான் நல்ல மனுஷன், வாயே திறக்கமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி திறப்பாள்.

"பொண்ணு பெரிய படிப்புக்குப் போகப்போறா. அவளுக்குன்னு ஒரு ரூம் வேணும்ல? வருஷக் கடைசியில ஹாலைத் தடுக்கலாம்னு உங்க அண்ணன் சொல்றார்" என்று நாத்தனாரிடம் சொல்வாள். சொல்லிவிட்டு, "உங்களைப் போகச் சொல்லலைம்மா, சுவர் எழுப்புறப்போ தூசி பறக்குமேன்னுதான் பார்க்கிறேன்" என்பாள்.

தூசியைப் பற்றி டைல்ஸ்காரனுக்கே பாடம்! திரைக்குப் பின்னால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான்.

இப்படி இருக்கும்போதுதான் பெயிண்டரும் வாரியத்துக் கடுதாசி ஒன்றோடு வந்தான். ரசமட்டத்தோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறவன், அவனைவிடப் பத்து வயசு சின்னவன், முதல் தடவையாக மனுப் போட்டவன். அவனுக்கு விழுந்த நம்பர் முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டா!" டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான் ரசமட்டம். "நான் ஏழு தடவை போட்டுட்டு வாசல்ல நிக்கிறேன், நீ நேத்து வந்து நடுவீட்டுல உட்கார்ந்துட்டியேடா!"

"என்ன அண்ணே பிரயோஜனம்?" பெயிண்டர் முகம் சுண்டைக்காய் மாதிரி சுருங்கிப்போயிருந்தது. "என்னை வரச் சொன்னது நாலாம் தேதி. கல்யாணப் பத்திரம் கொண்டு வரணுமாம். எனக்குக் கல்யாணம் பதியறதே பத்தொன்பதாம் தேதி. அவளோட பிறப்புச் சான்றிதழ் அவ ஊர்ல இருந்து இப்பத்தான் கிளம்பியிருக்கு."

"முன்னாடியே பதிய முடியாதா?"

"அந்த ஆபீஸ்காரன் நாள் மாத்த மாட்டேங்கிறான். இந்த ஆபீஸ்காரன் போனையே எடுக்க மாட்டேங்கிறான். உங்களுக்கு என்னைக்கு அண்ணே?"

"இருபத்தி நாலு."

ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அதற்குமேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அந்தக் கட்டடத்தில் திங்கட்கிழமை காலையில் வேலை பிரிப்பதும் குலுக்கலில்தான். மேஸ்திரி மாடி நம்பர்களைச் சின்னச் சின்னக் காகிதத்தில் எழுதி, ஒரு ஹெல்மெட்டில் போட்டு நீட்டுவார். லிஃப்ட் இன்னும் போடாத கட்டடம். மூணாம் மாடி வந்தவன் சிரிப்பான், பதிமூணாம் மாடி வந்தவன் மேஸ்திரியின் பரம்பரையையே இழுப்பான். ஆனால் முதல் டீ குடித்து முடிப்பதற்குள் யார் வேண்டுமானாலும் யாரோடு வேண்டுமானாலும் சீட்டை மாற்றிக்கொள்ளலாம். மேஸ்திரி முன்னால் நின்று 'மாத்துச் சீட்டு' என்று ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னால் போதும். ஏன், எதற்கு என்ற கேள்வியே கிடையாது. முட்டி வலிக்காரனுக்குக் கீழ் மாடி, அவசரக்காரனுக்கு மேல் மாடி என்று அத்தனை வருஷமும் ஒரு சண்டை இல்லாமல் ஓடியது அந்த ஏற்பாடு. கையில் விழுந்த சீட்டு அவனவன் சொத்து, அதை அவன் யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பான் என்பது அங்கே எல்லோருக்கும் சுவாசம் மாதிரி.

ஆகவே ரெண்டு பேரும் மேஸ்திரியிடம் போனார்கள். முறைப்படி முன்னால் நின்று, கடுதாசியைக் கை மாற்றி, "மாத்துச் சீட்டு" என்றார்கள்.

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "வாரியத்துல ஒத்துக்குவானா?"

"ஏன் ஒத்துக்க மாட்டான்? ஆள் ரெண்டு, நம்பர் ரெண்டு. ஒண்ணு கூடலை, ஒண்ணு குறையலை."

"அதுவும் சரிதான். அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தன் இருப்பான்ல, அவன் காதுல போட்டுருங்க" என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி.

கடுதாசி நாலு பக்கம். ரசமட்டம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்; முதல் பக்கத்தில் தேதியும் இடமும் இருந்தன, அதோடு நிறுத்திக்கொண்டான். பெயிண்டரும் தேதியையும் கல்யாணப் பத்திரத்தையும் தாண்டிப் படிக்கவில்லை. மனைவி மட்டும் கேட்டாள்: "வாரியத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்லங்க?"

"கேட்டா கெடுத்துருவாங்க. நேர்ல போய் நின்னா முகத்தைப் பார்த்துட்டு முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க."

"உங்க முகத்தைப் பார்த்துட்டா?" என்றாள் அவள்.

நாலாம் தேதி அவனும் மனைவியும் லீவு போட்டார்கள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அவளுக்கு லீவு கிடைப்பதே பெரிய பாடு. வாரிய அலுவலகத்து வாசலில் ஒரு இயந்திரம் நின்றது. அடையாள அட்டையைச் சொருகு என்றது. அவன் தன் அட்டையைச் சொருகினான். இயந்திரம் கொஞ்சம் யோசித்தது, பச்சை விளக்கு எரிந்தது, டோக்கன் ஒன்று நாக்கை நீட்டினாற்போல் வெளியே வந்தது. "பார்த்தியா? ஏத்துக்கிச்சு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னான்.

உள்ளே சுவரில் பெரிய திரை. இருநூறு கட்டம். எடுத்துக்கொண்ட வீடெல்லாம் சிவப்பு, மிச்சமெல்லாம் பச்சை. இன்னும் நூற்று எழுபதுக்கு மேல் பச்சையாகக் கிடந்தது. பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எட்டாம் மாடி, மூலை கோணாத வீடு, குளியலறைக் கதவு அடுப்படியைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் தேர்ந்தெடுக்கவே ஆரம்பித்துவிட்டான்.

கவுண்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். கடுதாசியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி கடுதாசியைப் பார்த்தார்.

"இது வேற ஒருத்தர் பேர்ல இருக்கே?"

"ஆமாங்க. மாத்திக்கிட்டோம்."

"எதை?"

"நம்பரைத்தான். அவனோடது எனக்கு, என்னோடது அவனுக்கு. மேஸ்திரி முன்னாடிதான் மாத்தினோம், வேணும்னா போன் போட்டுத் தர்றேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பஸ்ல ஜன்னல் சீட்டா ஐயா இது, நீங்க எந்திரிச்சு நான் உட்கார? நம்பர் ஆளோட ஒட்டினது. மாத்தவும் முடியாது, குடுக்கவும் முடியாது."

"ரெண்டு பேருக்கும் சம்மதம்ங்க!"

"கம்ப்யூட்டருக்குச் சம்மதம் இல்லை. சரி, முப்பத்தெட்டாம் நம்பர்காரர் எங்கே? இன்னிக்கு நாலரை மணிக்குள்ள அவர் வரலைன்னா அவர் முறை ரத்து. வேண்டாம்னு போயிட்டதாப் பதிஞ்சிரும்."

"அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

"அதுக்குத்தான் மூணாம் பக்கத்துல போட்டிருக்கோமே. கல்யாணம் நிச்சயமானவங்க ரெண்டு பேரும் வந்து உறுதிமொழியில கையெழுத்துப் போட்டா போதும். சாவி வாங்குறப்போ பத்திரத்தைக் காட்டணும். படிக்கலையா?"

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். கடுதாசியை வாங்கி, மூணாம் பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மணி அப்போதே ஒன்றரை. பெயிண்டர் போனை எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? ஒன்பதாம் மாடிக்கு வெளியே கயிற்றுத் தொட்டியில் தொங்கிக்கொண்டிருக்கிறவன் கையில் போனா இருக்கும்? ரசமட்டம் ரெண்டு பஸ் மாறி, காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி கட்டடத்துக்கு ஓடினான். கீழே நின்று ரெண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினான்.

"டேய்! கீழே இறங்குடா!"

மேலேயிருந்து பெயிண்டர் எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் பல். "கிடைச்சிருச்சா அண்ணே? எத்தனாவது மாடி?"

"மாடியா? எறங்குடா, உன் மண்டையிலதான் மாடி!"

அவன் இறங்கி, விஷயம் புரிந்து, புரிந்ததை நம்பி முடிக்கவே கால் மணி ஆயிற்று. பிறகு ரொட்டிக் கம்பெனிக்குப் போய்ப் பெண்ணைக் கூட்டிவர வேண்டியிருந்தது. அவள் தலையெல்லாம் மாவோடு வந்தாள். இவன் உடம்பெல்லாம் வெள்ளைப் பெயிண்டோடு நின்றான். கல்யாணத்துக்கு முன்னாலேயே ரெண்டு பேரும் கிழவன் கிழவியாகிவிட்ட மாதிரி இருந்தது பார்க்க. நாலு மணி இருபது நிமிஷத்துக்கு உள்ளே நுழைந்தார்கள். நாலு ஐம்பதுக்கு வெளியே வந்தார்கள். பன்னிரண்டாம் மாடி, ரெண்டு பக்கமும் காற்று.

பெயிண்டர் ரசமட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்க மட்டும் ஓடிவரலைன்னா என் கதை கந்தல். உங்களுக்கு நான் என்ன செய்வேன்?"

"முதல்ல என் கடுதாசியைக் குடு" என்றான் ரசமட்டம்.

அடுத்த இருபது நாளும் அவன் வீட்டில் யாருக்கும் நிம்மதி கொடுக்கவில்லை. சாயங்காலம் வந்ததும் வராததுமாக மனைவி போனில் வாரியத்தின் பக்கத்தைத் திறப்பாள். நூற்றைம்பது, நூற்றிருபது, எண்பது. தினமும் இறங்கிக்கொண்டே போனது. நடுவில் நாலு பேர் விலகினார்கள் என்று தெரிந்த அன்றைக்கு, முகம் தெரியாத அந்த நாலு பேரையும் அவன் வாயார வாழ்த்தினான். ஒருத்தரும் விலகாத நாட்களில் அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தான். "இவனுங்களுக்கெல்லாம் வீடு எதுக்கு? அப்பா அம்மாவோட இருந்தா என்ன?" மச்சான் மனைவி திரைக்கு அந்தப் பக்கமிருந்து இருமினாள். அதற்குப் பிறகு வாயை அடக்கிக்கொண்டான்.

இருபத்தி மூணாம் தேதி சாயங்காலம் நிலவரம் இதுதான்: இருநூற்றெட்டாம் நம்பர் வரை முடிந்திருந்தது. பாக்கி ஆறு வீடு.

"முன்னாடி இன்னும் அஞ்சு பேர். அவங்க அஞ்சு பேரும் எடுத்தாலும் நமக்கு ஒண்ணு நிக்குதுங்க" என்றாள் மனைவி. விரல் விட்டு எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

இருபத்தி நாலாம் தேதி, நாலு பக்கத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்து, கேட்ட தாள், கேட்காத தாள் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு போனான். வாசல் இயந்திரத்தில் அட்டையைச் சொருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

'தங்கள் வருகை முடிவுற்றது.'

"என்னது? நான் இப்பத்தானே வர்றேன்!"

துடைத்துச் சொருகினான். திருப்பிச் சொருகினான். இயந்திரம் அதே பல்லவியைப் பாடியது. காவலாளி, "உள்ளே போய்க் கேளுங்க" என்று கையைக் காட்டினார்.

முதல் கவுண்ட்டரில் அந்தக் கண்ணாடிக்கார அம்மா இல்லை. டை கட்டிய ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான். அட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னான்: "நீங்க நாலாம் தேதி வந்திருக்கீங்க. வீடு எடுக்காமப் போயிருக்கீங்க. வேண்டாம்னு பதிவாகியிருக்கு. இனி ஒரு வருஷம் கழிச்சுத்தான் முதல் வீட்டுச் சலுகை."

ரசமட்டம் பையைக் கவுண்ட்டர் மேல் வைத்தான். "நான் எப்போ வேண்டாம்னேன்? வேணும் வேணும்னு ஏழு தடவை எழுதிக் குடுத்தவன் நான்! அன்னைக்கு வந்தது வேற ஆள் நம்பருக்கு. அதுவும் உங்க மெஷின்தான் பச்சை விளக்கைப் போட்டு உள்ளே விட்டுது."

"வேற ஆள் நம்பருக்கு நீங்க ஏன் வந்தீங்க?"

நல்ல கேள்வி.

"மாத்துச் சீட்டு" என்றான் மெதுவாக.

"அப்படின்னா?"

"இங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருப்பாங்களே, அவங்களுக்குத் தெரியும்" என்று குறுக்கே புகுந்தாள் மனைவி.

"சாப்பிடப் போயிருக்காங்க. ஒண்ணரைக்குத்தான் வருவாங்க. நீங்க எந்திரிச்சு ஓரமா நில்லுங்க, அடுத்தவங்களைக் கூப்பிடணும்."

மணி பன்னிரண்டே முக்கால். மனைவி கவுண்ட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் இன்னும் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் எந்திரிக்க மாட்டேன்."

"அம்மா, இது அடுத்தவங்க இடம்."

"அவங்க வர்ற வரைக்கும் என் இடம். எந்திரிச்சா நான் வந்துட்டுப் போயிட்டேன்னு எழுதுவீங்க. ஒரு தடவை எழுதினது போதும்."

டை கட்டியவன் ரசமட்டத்தைப் பார்த்தான், நீங்களாவது சொல்லக்கூடாதா என்பது போல. ரசமட்டம் வாயைத் திறந்தான். "நீங்க பேசாம நில்லுங்க" என்றாள் அவள். மூடிக்கொண்டான். பதினோரு வருஷத்தில் அவள் இப்படி ஒரு நாற்காலியைத் தனக்கென்று பிடித்து உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் ரெண்டாவது கவுண்ட்டரில் வேலை நிற்கவில்லை. காலையிலேயே ரெண்டு நம்பர் முடிந்திருந்தது. திரையில் பாக்கி நாலு பச்சை. இருநூற்றுப் பதினொண்ணு வந்து உட்கார்ந்தது. ஒரு கட்டம் சிவப்பானது. பன்னிரண்டு. இன்னொன்று. பதிமூணாம் நம்பர்காரர்கள் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்த இடத்திலேயே சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை பிரிவில் முடியக் கூடாதா, இருவரும் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போகக் கூடாதா என்று ஒரு நிமிஷம் கெட்ட ஆசைப்பட்டான் ரசமட்டம். அவர்கள் சமாதானமாகிக் கையெழுத்துப் போட்டார்கள். பச்சை ஒன்றே ஒன்று.

"இருநூற்றுப் பதினஞ்சு!" என்று காவலாளி கூப்பிட்டார்.

ஒரு இளம் ஜோடி எழுந்து வந்தது. அந்தப் பெண்ணுக்கு மாசம் ஏழாவது இருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அவர்கள் முன்னால் வீட்டின் வரைபடம் திரையில் விரிந்தது. அவள் விரலை வைத்துப் புருஷனுக்குக் காட்டினாள்: "தொட்டில் இந்த மூலையில போட்டுக்கலாம். வெயில் படாது."

ரசமட்டம் ரெண்டடி முன்னால் போனான். "ஐயா, பதினாலு நான்! எனக்கு அப்புறம்தான் அவங்க!" என்று கத்திவிட்டான். ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பெண் விரலை எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, சாப்பாட்டு டப்பாவும் கையுமாக அந்தக் கண்ணாடிக்கார அம்மா வந்தார். ரசமட்டத்தைப் பார்த்ததும் நின்றார்.

"அட! நம்பர் மாத்தின மனுஷனா? இன்னிக்கு யாரோட மாத்திட்டு வந்தீங்க?"

டை கட்டியவன் விஷயத்தைச் சொன்னான். அந்த அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாலாம் தேதி வருகையை நான்தான் அழிச்சிருக்கணும். முப்பத்தெட்டு பெயிண்டும் மாவுமா வந்து நின்ன குழப்பத்துல விட்டுப்போச்சு." பிறகு அடுத்த கவுண்ட்டரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "கொஞ்சம் நிறுத்துங்க. எதையும் அழுத்தாதீங்க."

மேலதிகாரி வரவழைக்கப்பட்டார். அவர் வந்து, நின்றபடியே விசாரித்து, உட்கார்ந்து மறுபடி விசாரித்து, தன் ரகசிய எண்ணைத் தப்பாக அடித்து, மறுபடி அடித்தார். பதிவைத் திருத்தக் காரணம் கேட்டது கம்ப்யூட்டர். எழுதவும் விடாது, பட்டியலில் இருப்பதில் ஒன்றைத்தான் தொட வேண்டுமாம்.

"மின்தடை... இரட்டைப் பதிவு... மனுதாரர் மரணம்..." மேலதிகாரி வாசித்துக்கொண்டே போனார். "எதுவும் பொருந்தலையே. இயந்திரக் கோளாறுன்னு போட்டுரலாமா?"

"மனுஷக் கோளாறுன்னு ஒண்ணு இல்லைங்களா?" என்று கேட்டாள் மனைவி.

மேலதிகாரி சிரிக்கவில்லை. இயந்திரக் கோளாறைத் தொட்டார். எழுந்து அடுத்த கவுண்ட்டருக்குப் போய், குனிந்து அந்த ஜோடியிடம் ஏதோ சொன்னார். வரிசைன்னு ஒண்ணு இருக்கு, பதினாலுதான் முதல்ல, மன்னிச்சுக்கணும் என்றிருப்பார். காதில் விழாத தூரம்தான். ஆனாலும் அவர் சொன்னது என்னவென்று அந்தப் பெண்ணின் விரல் திரையிலிருந்து இறங்கியபோது தெரிந்தது.

இப்போது அதே வரைபடம் ரசமட்டத்தின் முன்னால் விரிந்தது. ரெண்டாம் மாடி. நேர் கீழே குப்பை அறை. குளியலறைக் கதவு அடுப்படியைப் பார்த்து இருந்தது. படுக்கையறையின் ஒரு சுவர் சாய்வெட்டாகப் போயிருந்தது. அந்தச் சுவருக்கு டைல்ஸ் வெட்டினால் பாதி வீணாகும்.

"இந்தச் சுவர் கோணல்..." என்று ஆரம்பித்தான்.

"கையெழுத்துப் போடுங்க" என்றாள் மனைவி.

"இல்லை, இந்தக் கதவை..."

"ஏங்க."

அந்த 'ஏங்க'வில் பதினோரு வருஷமும் இருந்தது. போட்டான். பெரிய திரையில் கடைசிப் பச்சையும் சிவப்பாயிற்று. காத்திருந்தவர்களிடையே ஒரு பெருமூச்சு எழுந்தது. நாற்காலிகள் நகர்கிற சத்தம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், அந்த ஜோடி அங்கேதான் நின்றது. நிழல் கொஞ்சம்தான் இருந்தது. அந்தப் பெண்ணை நிழலில் விட்டுவிட்டு அவள் புருஷன் வெயிலில் நின்றான். ரசமட்டம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தான். ஏதாவது பேசியாக வேண்டும் போலிருந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே ஆறுதலை எடுத்துவிட்டான்.

"அது ஒண்ணும் பெரிய வீடு இல்லைம்மா. ரெண்டாம் மாடிதான். கீழே குப்பை. நாத்தம் வரும். சுவர் வேற கோணல்."

"குப்பை அறைன்னு தெரியும். ஆனா ரெண்டாம் மாடிங்கிறதாலதான் எனக்குப் பிடிச்சிருந்தது. குழந்தையோட ஏறி இறங்க லேசு" என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"உங்களுக்கு இது எத்தனாவது தடவை?" என்று கேட்டான்.

"மூணாவது" என்றான் அவள் புருஷன். "உங்களுக்கு?"

"ஏழு."

"ஏழா?" அவன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். இன்னும் நாலு இருக்கிறது என்று அவன் மனசுக்குள் எண்ணுவது முகத்திலேயே தெரிந்தது.

அன்றைக்கு ரசமட்டமும் மனைவியும் பச்சை விளக்கோடு உள்ளே போயிருந்தால், பதிமூணுக்கு அடுத்து அவர்களையே கூப்பிட்டு வீட்டை முடித்திருப்பார்கள். இந்தப் பெண் அந்த வரைபடத்தைப் பார்த்தேயிருக்க மாட்டாள், தொட்டிலுக்கு மூலை தேடியிருக்க மாட்டாள். ஆரம்பத்திலேயே 'முடிந்துவிட்டது' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தான். ஹெல்மெட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். விட்டுவிட்டான்.

பஸ் வந்தது. கூட்டமே இல்லை. அந்த ஜோடி ஏறியது. மனைவி படியில் ஒரு கால் வைத்துவிட்டாள்.

"இரு" என்று அவள் முந்தானையைப் பிடித்தான். "அடுத்ததுல போலாம்."

"ஏன்? இடம் கிடக்குதே!"

"அடுத்ததுல போலாம்ங்கிறேன்ல."

கதவு மூடிக்கொண்டது. பஸ் கிளம்பிப் போனது. ஜன்னலோரத்தில் அந்தப் பெண்ணின் தலை தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி ஆகும்" என்றாள் மனைவி.

"ஆகட்டும்."

அவள் பையைக் கீழே வைத்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. அவனைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களைக் கட்டிக்கிட்டு," என்றாள், "வீடு கிடைச்ச அன்னைக்கும் நடுத்தெருவுலதான் நிக்கிறேன்."